கூட்டமும் கொட்டாவியும்

சில மாதங்களுக்கு முன் தம்பிலுவிலில் ஒரு கூட்டம் நடத்தினோம். எல்லாரும் போன பின் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பின்வரிசைப் பக்கம் நிலத்தில் புளியங்கொட்டைகள் இரண்டு குவியலாகக் கிடந்தன. ஒன்று பெரிது, மற்றது சிறிது. பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போட்டிருப்பார்கள் என்றெண்ணித் தும்புத்தடியை எடுத்தோம். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்ற வயதான அம்மா ஒருவர், “கூட்டாதீங்க பாதர், அது உங்கட கணக்கு” என்றார்.

என்ன கணக்கு என்று கேட்டோம். முதலில் சிரித்து மழுப்பினார். பிறகு, “கோவிக்கப்படாது. நீங்க கதைக்கக்குள்ள ‘உண்மையிலேயே’ எண்டு சொன்னா அந்தப் பக்கம் ஒரு கொட்டை. ‘வலுவூட்டல்’ எண்டு சொன்னா இந்தப் பக்கம் ஒரு கொட்டை. நாங்க நாலு பேர் பந்தயம் கட்டினம்” என்றார். எண்ணிப் பார்த்தோம். நாற்பத்தொன்றும் பதினொன்றும் இருந்தன.

அன்று நாம் பேசியது ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும். எமக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் அறைவீட்டுக்குத் திரும்பும் வழியில் வேறொரு எண்ணம் வந்தது. அந்த நாலு பேரும் எமது பேச்சை ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார்கள். முன்வரிசையில் தலையாட்டிக்கொண்டிருந்த எவரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கத் தெரிந்தவர்கள் வந்திருந்தார்கள். கேட்பதற்கென்று நாம்தான் எதையும் கொண்டு போகவில்லை.

ஊர் விட்டெழும்பிய குடும்பங்களுக்கு வயலைவிடக் கூட்டம் அதிகம். 1990ஆம் ஆண்டு இடப்பெயர்வில் உட்புறக் கிராமங்களிலிருந்து கரையோரத்துக்கு வந்தவர்கள் நிவாரண அட்டைக்காகக் கூட்டம் கூடினார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பின், ஒரே நாளில் மூன்று நிறுவனங்கள் மூன்று மர நிழலில் கூட்டம் வைத்ததும் உண்டு. 2009க்குப் பின் மீள்குடியேற்றக் கூட்டம், காணிக் கூட்டம், வாழ்வாதாரக் கூட்டம், நல்லிணக்கக் கூட்டம் என்று பெயர்கள் மாறின. கதிரைகளும் கதையும் மாறவில்லை. இவற்றில் எத்தனைக்கு நாமே அழைப்பு எழுதினோம் என்று எண்ணினால் ஒரு சாக்குப் புளியங்கொட்டை வேண்டும்.

அழைப்பில் ஒன்பது மணி என்றிருக்கும். கூலிவேலையை விட்டு வருகிறவர்கள் எட்டரைக்கே வந்துவிடுவார்கள். பிரதம விருந்தினரின் வாகனம் பதினொன்றுக்கு வரும். விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, விருந்தினர் உரை. ஒவ்வொரு உரையும் முந்திய உரையாளர்களின் பெயர்களைப் பதவியோடு சொல்லித்தான் ஆரம்பிக்கும். தேநீர் வரும்போது பன்னிரண்டு ஆகியிருக்கும். எதற்காக வந்தோமோ அந்த விடயம் அதற்குப் பிறகுதான்.

இதைத் தாங்குவதற்கு எமது மக்கள் கண்டுபிடித்திருக்கும் வழிகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, சுண்ணாம்பு பூசி, பாக்கு வைத்து ஒரு வெற்றிலையை மடிக்க ஒரு நிமிடம் போதும். தேவைப்பட்டால் அதையே வரவேற்புரை முடியும்வரை நீட்டலாம். தாய்மார் குசுகுசுவென்று நொடி போட்டு அவிழ்ப்பார்கள். சிலர் மேடையில் இருப்பவர்களின் சப்பாத்தைப் பார்த்து அவர்களின் சம்பளத்தை மதிப்பிடுவார்கள். கவி கட்டத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் அது அதிர்ஷ்டம். பேச்சாளரின் மீசையைப் பற்றி இரண்டு வரி வரும், அந்த வரிசை முழுவதும் தோள் குலுங்கும். கண்ணைத் திறந்தபடி உறங்கும் கலையில் தேர்ந்த போடியார் ஒருவரை நாம் அறிவோம். மற்றவர்கள் கைதட்டினால் அவரும் தட்டுவார், விழிக்காமலே. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசி இருக்கிறது. அதனால் இந்தக் கலைகள் அருகி வருகின்றன என்பது எமக்குச் சற்று வருத்தமே.

சலிப்பு படிக்காதவர்களுக்குரியது என்று நினைக்கும் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். 1885ஆம் ஆண்டு ஜூன் மாதம் ‘நேச்சர்’ என்ற விஞ்ஞான சஞ்சிகையில் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் ஒரு சிறு குறிப்பு எழுதினார். (அவருடைய வேறு கொள்கைகள் பல மனிதகுலத்துக்குத் தீங்கு செய்தவை, அவற்றை நாம் ஏற்பதில்லை.) அறிவாளிகள் நிறைந்த ஒரு சபையில் நீண்ட கட்டுரை ஒன்று வாசிக்கப்பட்டது. சலிப்புற்ற கால்ட்டன், தமக்குத் தெரிந்த பக்கத்தில் இருந்த ஏறக்குறைய ஐம்பது பேரும் எத்தனை தடவை நெளிகிறார்கள் என்று எண்ணினார். கடிகாரத்தை எடுத்துப் பார்த்தால் பிறர் கண்ணில் படும் என்பதால் தம் மூச்சைக் கொண்டு நேரத்தைக் கணித்தார். மூச்சுகளை விரல்களால் அழுத்திக் குறித்துக்கொண்டு, நெளிவுகளை மனதில் எண்ணினார். நிமிடத்துக்குச் சுமார் நாற்பத்தைந்து நெளிவு, அதாவது ஆளுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று. பேச்சு மனதைப் பிடித்த வேளையில் அது பாதிக்கும் கீழே இறங்கியது. புளியங்கொட்டை இல்லாத குறைதான். மற்றபடி அவர் செய்ததும் எமது பின்வரிசை செய்ததும் ஒன்று.

எமது வீட்டுக் கதையையும் சொல்லிவிட வேண்டும். 1962 முதல் 1965 வரை உரோமையில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் உலகெங்குமிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆயர்கள் கூடினார்கள். உரைகள் இலத்தீனில். பலருக்கு அது பாதி விளங்கும், சிலருக்கு அதுவும் இல்லை. பேராலயத்தின் உள்ளேயே கோப்பிக் கடை ஒன்று திறக்கப்பட்டது. கடைக்கு அவர்கள் மொழியில் ‘பார்’. யேசுவின் காலத்து அரமேய மொழியில் ‘பர்’ என்றால் மகன். யோனாவின் மகனாகிய சீமோன் இராயப்பரை நினைத்து அந்தக் கடைக்கு ‘பர்யோனா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். திருச்சபையின் வரலாற்றையே மாற்றிய சங்கம் அது. அதிலும் நல்ல யோசனைகள் பல அந்தக் கோப்பிக் கடையில் பிறந்தன என்று குருமடத்தில் எமது ஆசிரியர் ஒருவர் சொல்லிச் சிரிப்பார்.

சொற்களை எண்ணும் விளையாட்டுக்கும் ஒரு வெளிநாட்டு உறவினர் உண்டு. 1993 இல் அமெரிக்காவில் சிலிக்கன் கிராபிக்ஸ் என்ற கணினி நிறுவனத்தில் வேலை செய்த டொம் டேவிஸ் என்பவர், அதிகாரிகள் வழமையாகச் சொல்லும் வெற்றுச் சொற்களைக் கட்டம் போட்ட அட்டைகளில் அச்சடித்துச் சக ஊழியர்களுக்குக் கொடுத்தார். பேச்சாளர் ஒரு சொல்லைச் சொன்னால் அந்தக் கட்டத்தை வெட்ட வேண்டும். ஒரு வரிசையை முதலில் வெட்டி முடித்தவர் வென்றவர். அடுத்த வருடமே பத்திரிகைச் சித்திரக்கதை ஒன்றின் மூலம் அது உலகம் முழுவதும் பரவியது. எமது தாய்மார் இதைக் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. சலிப்பு எங்கும் ஒரே மருந்தைத்தான் தேடுகிறது போலும்.

ஆகவே பொறுமையில்லாதவர்கள் என்று எமது மக்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. வைகாசிச் சடங்கு காலத்தில் தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோவிலில் போய்ப் பாருங்கள். வழக்குரை பாடக் கேட்டு மணிக்கணக்காக மணலில் இருப்பவர்கள் இதே ஆட்கள்தான். கதை முழுவதும் அவர்களுக்கு மனப்பாடம். முடிவு என்னவென்று தெரிந்திருந்தும் கண்ணகி அரசவைக்குள் நுழையும் இடத்தில் நிமிர்ந்து இருப்பார்கள். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு கூட்டம்தானே. காணாமற்போன நியாயத்தைக் கேட்டு ஒரு பெண் அதிகாரத்தின் முன் வருகிறாள். கையில் சிலம்பு இருக்கிறது. அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று ஒரே விடயத்தைச் சொல்கிறாள், உடைத்துக் காட்டுகிறாள். வரவேற்புரை இல்லை. கொட்டாவி விட நேரமும் இல்லை.

எமது கூட்டங்களில் நடப்பது நேர்மாறு. பெரும்போகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தண்ணீர் விடும் திகதி, விதைப்பு முடிக்க வேண்டிய திகதி, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, வட்டையிலிருந்து மாடுகளை எப்போது அகற்றுவது, கடைசித் தண்ணீர் எப்போது. ஒரு குடும்பத்தின் ஒரு வருடச் சோறு இந்த ஐந்தாறு திகதிகளில் இருக்கிறது. அங்கே எடுக்கும் தீர்மானம் வராதவர்களையும் கட்டுப்படுத்தும். ஆயினும் நாம் இருந்து பார்த்த பல கூட்டங்களில் இவை வாசிக்கப்பட்டு, “எல்லாருக்கும் சம்மதம்தானே” என்று கேட்கப்பட்டு, பத்து நிமிடத்தில் முடிந்தன. வட்டவிதானையாருக்கு மரியாதைக் கதிரை ஏன் போடவில்லை என்ற பிரச்சினை முக்கால் மணித்தியாலம் போனது. 1957 இல் நோர்த்கோட் பார்க்கின்சன் என்பவர் தமது கேலிப் புத்தகத்தில் இப்படி ஒரு கற்பனைக் கூட்டத்தை வர்ணித்தார். அங்கே அணு உலைக்குக் கோடிக்கணக்கான பணம் இரண்டரை நிமிடத்தில் நிறைவேறும். சைக்கிள் கொட்டகைக்கு நாற்பத்தைந்து நிமிட விவாதம். கோப்பிச் செலவுக்கு அதைவிடவும் கூட. அணு உலை ஒருவருக்கும் விளங்காது, சைக்கிள் கொட்டகை எல்லாருக்கும் விளங்கும் என்பதே காரணம். எமக்கு இன்னொரு காரணமும் தோன்றுகிறது. அணு உலை விடயம் வேறெங்கோ தீர்ந்துவிட்டது என்பதை இருப்பவர்கள் மணந்துவிடுகிறார்கள். தம் சொல்லுக்குப் பெறுமதி இல்லாத இடத்தில்தான் மனிதனுக்குக் கொட்டாவி வருகிறது.

இதுவரை சிரித்துக்கொண்டு சொன்னோம். இனிச் சொல்வதைச் சிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஒருவரின் தனியார் காணியை வேறொருவர் பத்து வருடம் இடையறாமல் தன்னுடையதுபோல் ஆண்டுவந்தால், அதற்கு உரிமை கோர இந்த நாட்டின் பழைய சட்டம் இடம் தருகிறது. போரினால் ஓடிய மக்களுக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று விளக்கத் தேவையில்லை. அதனால் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுவினரின் நடவடிக்கையால் தம் காணி உரிமைக்காக நீதிமன்றம் போக முடியாமல் இருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கிடக்கூடாது என்றது. ஆனால் வழக்கைச் சட்டம் வந்து இரண்டு வருடத்துக்குள் வைக்க வேண்டும்.

அந்தச் செய்தியைச் சொல்ல நாமே ஒரு கூட்டம் ஒழுங்கு செய்தோம். சட்டத்தரணி ஒருவரைத் தூரத்திலிருந்து அழைத்திருந்தோம். நிகழ்ச்சி நிரலில் அவருக்கு முன்னே நாலு உரைகள்; அவற்றில் ஒன்று எம்முடையது. அவர் கைக்கு ஒலிவாங்கி போனபோது நேரம் பன்னிரண்டு ஐம்பது. அதே நேரத்தில் பின்கதவால் சோற்றுப் பார்சல்கள் வந்து இறங்கின. மண்டபம் முழுவதும் கறி வாசம். அவர் நல்ல மனிதர், மக்களின் பசியைப் பார்த்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டார். நாமும் மேடையில் இருந்தபடி பார்சல் போதுமா என்று தலையெண்ணிக்கொண்டிருந்தோம்.

2019 இல் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். தகப்பன் பெயரில் இருந்த உறுதியை பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். இரண்டரை ஏக்கர் வயல். இடம்பெயர்ந்த நாளிலிருந்து வேறொருவர் செய்கிறார். ஏதும் வழி இருக்கிறதா என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் எமக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் இருந்தவர். “அண்டைக்குச் சட்டத்தரணி சொன்னாரே, நீங்களும் இருந்தீங்களே?” என்றோம். அவர் வெட்கத்தோடு, “இருந்தனான் பாதர். மீனா இறைச்சியா எண்டு பக்கத்து ஆளோட கதைச்சதுதான் ஞாபகம் இருக்கு” என்றார்.

அவர்மேல் குற்றம் சொல்ல எமக்கு வாய் வரவில்லை. காலை உணவில்லாமல் வந்த மனிதனை நாலு மணித்தியாலம் வெற்றுச் சொற்களால் களைக்க வைத்து, அவனுடைய வயலைப் பற்றிய ஒரேயொரு வசனத்தைச் சோற்று வாசத்துக்குள் சொன்னது நாம். அவருக்கு வேறு வழி உண்டா என்று பார்க்கச் சட்டத்தரணியிடம் அனுப்பினோம். அது வேறு கதை. அன்றிலிருந்து எமது கூட்டங்களில் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். முக்கியமான விடயம் விளக்கேற்றுவதற்கும் முன்னே. விருந்தினர் வரவில்லையென்றால் விருந்தினர் இல்லாமலே. சிலருக்கு இதனால் எம்மீது மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் பழக்கம் விட்டபாடில்லை. புளியங்கொட்டை நாளே அதற்குச் சாட்சி.

எம்மைப் போன்றவர்கள் திருந்துவதற்குக் காத்திருந்தால் உங்களுக்கு வயதாகிவிடும். எனவே உங்கள் பக்கத்திலிருந்து செய்யக்கூடியதையும் பேசுவோம். சலித்த கூட்டத்தில் கையைச் சும்மா வைத்திருக்க வேண்டாம். 2009 இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக்கி ஆன்ட்ரேட் என்ற உளவியலாளர் நாற்பது பேருக்கு இரண்டரை நிமிடச் சலிப்பான தொலைபேசிச் செய்தி ஒன்றைப் போட்டுக் கேட்கச் செய்தார். பாதிப் பேர் கடதாசியில் இருந்த வடிவங்களுக்குள் பென்சிலால் கீறி நிரப்பிக்கொண்டு கேட்டார்கள், மற்றவர்கள் சும்மா இருந்து கேட்டார்கள். கீறிக்கொண்டிருந்தவர்கள் நூற்றுக்கு 29 வீதம் கூடுதலாக ஞாபகம் வைத்திருந்தார்கள். சும்மா இருக்கும் மனம் பகற்கனவுக்குப் போய்விடுகிறது. சிறு கைவேலை அதை வாசலில் பிடித்து வைக்கிறது என்று விளக்கம் சொல்கிறார்கள். வலை முடிகிறவருக்கும் பன் இழைக்கிறவருக்கும் இது புதிதல்ல. ஆகவே கூட்டத்துக்கு வரும்போது கைவேலை கொண்டுவாருங்கள். அதைப் பார்த்து முகம் சுளிக்கும் பேச்சாளர் சுளிக்கட்டும். கைத்தொலைபேசியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது கையோடு நிற்பதில்லை, காதையும் கொண்டு போய்விடும்.

எண்ணும் விளையாட்டை விட்டுவிடவும் நாம் சொல்ல மாட்டோம். எண்ணுவதை மாற்றலாம். ‘வலுவூட்டல்’ எத்தனை என்று எண்ணுவதற்குப் பதிலாகத் திகதி எத்தனை வந்தது, “நான் செய்கிறேன்” என்று ஆள் பெயரோடு எத்தனை வந்தது, ரூபாய்க் கணக்கு எத்தனை வந்தது என்று எண்ணிப் பாருங்கள். பந்தயமும் கட்டலாம், வெற்றிலைக்குப் பந்தயம் கட்டுவதை எந்த மதமும் பெரிய பாவமென்று சொல்வதாக எமக்குத் தெரியவில்லை. ஒரு மணித்தியாலப் பேச்சில் ஒரு கொட்டையும் விழாவிட்டால் அதுவே செய்தி. வரவுத்தாள் கைக்கு வந்தால் மட்டும் விளையாட்டை நிறுத்திவிட்டு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள், வாசிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையிடம் கொடுத்து வாசிப்பியுங்கள். தலைப்பில்லாத தாளில் வைத்த கையெழுத்து பின்னர் எந்தத் தலைப்பின் கீழ் போய் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இவையெல்லாம் சலிப்போடு வாழும் வழிகள். சலிப்பில்லாத கூட்டம் சாத்தியமா என்று கேட்பவர்களுக்கு எமது மாவட்டத்திலேயே ஒரு பதில் இருக்கிறது.

எமது மூத்தோர் பட்டிப்பளை ஆறு என்று சொன்ன கல்லோயாவின் திட்டம் 1949 இல் ஆரம்பமானது. முப்பது வருடத்தில் அதன் இடதுகரை வாய்க்கால்கள் இடிந்து தூர்ந்துபோயின. தலைப்பில் சிங்களக் குடியேற்றவாசிகள், கடைக்கோடியில் தமிழ்க் கமக்காரர். கடைக்கோடிக்குத் தண்ணீர் எட்டுவதே அரிது. கமக்காரர்கள் ஒருவரோடொருவரும் உத்தியோகத்தர்களோடும் பகை. அமைப்பு அமைக்க இதைவிட மோசமான இடம் இலங்கையில் இல்லை என்று சொல்லப்பட்டது. 1981 இல் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து படித்த இளைஞர் யுவதிகளை அமைப்பாளர்களாக அங்கே அனுப்பின. அவர்கள் போனவுடன் கூட்டம் வைக்கவில்லை. வீடு வீடாகப் போய் ஒவ்வொருவரோடும் கதைத்தார்கள். பிறகு ஒரு வயல்வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் அந்த வாய்க்கால் கட்டிலேயே நின்று பேசினார்கள். தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, யாப்பு இல்லை. இந்தச் சேற்றை எப்போது வெட்டுவது, எந்த வக்கடையை எந்த நாளில் திறப்பது என்பதே பேச்சு. முதலில் வேலை, பிறகுதான் பிரதிநிதி. அவரையும் வாக்கெடுப்பில்லாமல் எல்லாரும் ஒத்துத் தெரிந்தார்கள்.

அந்த வருடம் சேனநாயக்க சமுத்திரத்தில் தண்ணீர் குறைவு. ஆயினும் ஆண்டுக்கணக்காகத் தூர்ந்து கிடந்த வாய்க்கால்கள் துப்புரவாகின. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். தலைப்பில் இருந்த சிங்களக் கமக்காரர்கள் மிச்சம்பிடித்த தண்ணீர் கீழே தமிழ்க் கமக்காரரின் வயலுக்கும் வந்தது. நாட்டில் இனக்கலவரங்கள் நடந்த ஆண்டுகள் அவை என்பதையும் மனதில் வைக்க வேண்டும். அந்த வேலையில் இருந்த நோர்மன் உப்ஹொஃப் என்ற பேராசிரியர் 1992 இல் இதைப் புத்தகமாக எழுதினார். பெரிய பெரிய தத்துவங்கள் அதில் உண்டு. எமக்கு அதில் பிடித்தது அந்த வாய்க்கால் கட்டு. தண்ணீர் கண்முன்னே ஓடுகிறது. எதைப் பற்றிப் பேசுகிறோமோ அதைக் கையால் தொடலாம். அங்கே கொட்டாவி விடுகிறவனின் முறைதான் முதலில் போகும்.

அந்த வாய்க்கால் கட்டு சில வேளைகளில் மண்டபத்தின் பின்வரிசையிலும் அமைந்துவிடுகிறது. அக்கரைப்பற்றுப் பக்கத்தில் நல்லிணக்கம் பற்றிய ஒரு நீண்ட கூட்டத்துக்குப் போயிருந்தோம். மேடையில் இடம் இல்லாததால் அதிர்ஷ்டவசமாகப் பின்னால் இருந்தோம். எமக்கு முன்னே தம்பிலுவில் கமக்காரர் ஒருவரும் முஸ்லிம் கமக்காரர் ஒருவரும். முதல் அரை மணித்தியாலம் இருவரும் பேசவில்லை, முகமும் கொடுக்கவில்லை. இரண்டாவது உரையின் நடுவே முஸ்லிம் பெரியவர் வெற்றிலைப் பையைத் திறந்தார். சுண்ணாம்பு இல்லை. பக்கத்துக் கதிரைக்காரர் தம் சுண்ணாம்பு டப்பியை நீட்டினார். “எந்த வட்டை தம்பி?” “சொன்னா உங்களுக்குக் கோவம் வரும் காக்கா. போன போகம் உங்கட மாடு வந்து வேளாண்மை திண்ட வட்டை.” பெரியவர் சற்றுநேரம் மென்றார். பிறகு, “அது என்ட மாடு இல்ல, என்ட மருமகண்ட மாடு. எத்தின மூடை போன?” என்றார். மேடையில் ஒருவர் ‘பரஸ்பர நம்பிக்கை’ என்ற சொல்லை மூன்றாம் தரம் சொல்லிக்கொண்டிருந்தார். நன்றியுரைக்குள் இவர்கள் மாடு கட்டும் திகதியையும், நட்டத்துக்குப் பாதி நெல்லையும் பேசி முடித்துவிட்டார்கள். கூட்டறிக்கையில் அது எழுதப்படவில்லை. பேசாமல் இருங்கள் என்று அவர்களை அடக்க ஒருவர் எழுந்து வந்தார். நாம் அவருடைய சட்டையைப் பிடித்து இருத்திவிட்டோம்.

போன மாதம் தம்பிலுவிலில் மறுபடியும் கூட்டம். இம்முறை காணி விடயமாக வெளியிலிருந்து இரண்டு உத்தியோகத்தர்கள் வந்திருந்தார்கள். நாம் பேசியது பத்து நிமிடத்துக்கும் குறைவு. பின்வரிசையை ஓரக்கண்ணால் பார்த்தோம். கொட்டைகள் நகர்ந்துகொண்டுதான் இருந்தன. நன்றியுரைக்கு ஒருவர் எழும்ப முன், அந்த வயதான அம்மா கையை உயர்த்தினார். “ஐயாமார் ரெண்டு பேரும் செய்து தாறம் எண்டு பதினேழு தரம் சொன்ன நீங்க. திகதியோட சொன்னது ரெண்டு. மற்றப் பதினைஞ்சுக்கும் திகதி என்ன?” என்று கேட்டார்.

மண்டபத்தில் ஒருவரும் நெளியவில்லை. உத்தியோகத்தர் ஒருவர் கொப்பியைத் திரும்பவும் விரித்தார். அன்று கூட்டம் ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் முடிந்தது; சோற்றுப் பார்சல் ஆறிப்போய்விட்டது.